ஒரு டீக்காகவா இவ்வளவு கோபம்?

மனசு விட்டுப் பேசலாம்!



வழக்கமா நம்ம பக்கத்துக்கு வர்ற லெட்டர்கள்ல பாதி காதல், மீதி அரியர். 'அவ என்னைப் பார்த்துச் சிரிச்சா... அது லவ்வா, ஃப்ரெண்ட்ஷிப்பா?' டைப் கேள்விகளுக்கு இந்த வாரம் லீவு. காரணம், ஒரு ஆறு பக்கக் கடிதம். அதைப் படிச்சு முடிச்சதும் வேற எதையும் பிரிக்கத் தோணலை.

எழுதினவர், ஹாஸ்டல்ல தங்கி இரண்டாம் வருஷம் பி.எஸ்ஸி. படிக்கிற மாணவி. பேர், ஊர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். அவர் எழுதினதுல இருந்து கொஞ்சம்...

"எங்கப்பா லேத் பட்டறை வெச்சிருந்தார். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். மூணு வருஷத்துக்கு முன்னாடி கை, கால் தானா ஆட ஆரம்பிச்சுது. நடந்தா தள்ளாடுவார். 'குடிச்சிட்டு ஏறாதய்யா'ன்னு ஒரு தடவை பஸ்ல இருந்தே இறக்கி விட்டுட்டாங்க. அப்பா ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. ஆறு மாசம் முன்னாடி ரத்தத்தை எடுத்து மரபணு டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டு, 'இது ஹன்டிங்டன் நோய்'னு டாக்டர் சொன்னார்.

கை ஆடறதைக்கூடத் தாங்கிக்கலாம். ஆனா, அந்தக் கோபம்! போன மாசம் ஒரு சனிக்கிழமை. நான் வீட்டுக்குப் போயிருந்தேன். மதியம் தொண்டையில அடைக்குதுன்னு அப்பா சரியாவே சாப்பிடலை. சாயங்காலம் ஆறு மணி இருக்கும். டி.வி. ஓடிக்கிட்டு இருந்துச்சு. ப்ளஸ் ஒன் படிக்கிற தம்பி போன்ல கத்திப் பேசிட்டு இருந்தான். அடுப்புல குக்கர் விசில் அடிக்குது. அப்பா வந்து ஏதோ கேட்டார். பேச்சு குழறுறதால அம்மாவுக்குப் புரியலை. 'என்னங்க வேணும்? தெளிவாச் சொல்லுங்க'ன்னாங்க. 'டீ'ன்னார். 'இருங்க, குக்கரை இறக்கிட்டுப் போடறேன்.' திரும்பக் கேட்டார். 'இருங்க.' மூணாவது தடவை, 'இருங்கன்னு சொல்றேன்ல'ன்னு அம்மா சொன்னதும் தம்ளரைத் தூக்கி வீசிட்டார். அம்மா நெத்தியில மூணு தையல். தம்பி ஓடி வந்து அப்பாவைச் சுவத்தோட சேர்த்து அழுத்தினான். அவனுக்கும் அடி. ஒரு டீக்காக!

அரை மணி நேரத்துல, எதுவுமே நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்து டி.வி. பார்த்தார். அதுதான் என்னால தாங்கவே முடியலை. நான் எங்கப்பாவை வெறுக்கிறேன். இது பாவமா? படிப்பை நிறுத்திட்டு அம்மாவுக்குத் துணையா போயிடட்டுமா?"

தோழி, முதல் கேள்விக்கு முதல்ல பதில். பாவம் இல்லை. அம்மா நெத்தியில ரத்தத்தைப் பார்த்த பொண்ணுக்கு வெறுப்பு வராம வேற என்ன வரும்? ஆனா, அந்த வெறுப்பு யார் மேல போகணும்கிறதுலதான் ஒரு சின்னத் திருத்தம்.

பிரேக் ஒயர் அறுந்த பைக்

1872-ல ஜார்ஜ் ஹன்டிங்டன்னு ஒரு அமெரிக்க டாக்டர் இந்த நோயைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். அப்போ அவருக்கு வயசு 22. நம்ம ஃபைனல் இயர் பசங்களைவிட ஒண்ணு ரெண்டு வயசுதான் கூட! அவரோட அப்பா, தாத்தா ரெண்டு பேருமே லாங் ஐலண்ட் பகுதியில டாக்டர்கள். தலைமுறை தலைமுறையா அதே குடும்பங்கள்ல இதே நோய் வர்றதைப் பார்த்தவங்க. கை, கால் ஆடறதுக்கு 'கொரியா'ன்னு பேர். கிரேக்க மொழியில 'நடனம்'னு அர்த்தம். ஆனா, ஹன்டிங்டன் அன்னிக்கே ஒண்ணைக் கவனிச்சு எழுதிட்டார். இந்த நோய் உடம்போட நிக்கறதில்லை, மனநிலையையும் புரட்டிப் போடுது.

ஏன்? மூளையோட ஆழத்துல 'ஸ்ட்ரையேட்டம்'னு ஒரு பகுதி இருக்கு. உடம்போட அசைவுகளை ஒழுங்குபடுத்தறதுல அதுக்குப் பெரிய பங்கு. நெத்திக்குப் பின்னாடி இருக்கிற மூளைப் பகுதியோட சேர்ந்து, 'பொறு... யோசி... அப்புறம் செய்'னு நம்மை இழுத்துப் பிடிக்கிறதும் அதோட வேலைதான். ஹன்டிங்டன் நோய்ல அந்த இடத்துல செல்கள் கொஞ்சம் கொஞ்சமா செத்துப் போகுது. எரிச்சல் நம்ம எல்லாருக்கும் வரும். மெஸ்ல மூணாவது நாளா அதே சாம்பார் ஊத்தினா எனக்கும்தான் வாளியைத் தூக்கி வீசத் தோணும். வீச மாட்டேன். பிரேக் இருக்கு. உங்கப்பாவுக்கு அந்த பிரேக் ஒயர் அறுந்துபோச்சு.

அப்புறம், 'எதுவுமே நடக்காத மாதிரி' உட்கார்ந்தாரே... அது நடிப்பும் இல்லை, திமிரும் இல்லை. தன்கிட்ட என்ன மாறியிருக்குன்னு தனக்கே தெரியாமப் போறது இந்த நோயோட ஒரு குணம். எதிர்ல இருக்கிறவங்க முகத்துல பயமா, கோபமா, வருத்தமான்னு படிக்கிற திறமையும் குறையுது. அம்மா முகத்துல இருந்த வலி அவருக்கு எட்டவே இல்லாம இருந்திருக்கலாம்.

ஒரு பாடகரோட கதை

வுடி கத்ரி. அமெரிக்காவோட பெரிய நாட்டுப்புறப் பாடகர். பாப் டிலன் 1961-ல நியூயார்க் பக்கம் வந்ததும் தேடிப் போய்ப் பார்த்தது இவரைத்தான். அப்போ இவர் இருந்தது ஆஸ்பத்திரியில. இவரோட அம்மாவுக்கு ஹன்டிங்டன் நோய். அப்போ அது யாருக்கும் புரியலை. 1927-ல மனநல விடுதியில சேர்த்தாங்க. 1930-ல அங்கேயே இறந்து போனாங்க. 1940-கள் முடியற நேரத்துல வுடி கத்ரியோட நடவடிக்கையும் மாற ஆரம்பிச்சுது. குடின்னாங்க, மனச்சிதைவுன்னாங்க. 1952-லதான் சரியா கண்டுபிடிச்சாங்க. 1967-ல, 55 வயசுல இறந்தார்.

நான் சொல்ல வந்தது அவரோட மனைவி மார்ஜரியைப் பத்தி. வீட்டுல சின்னக் குழந்தைங்க. அவரோட வன்முறைக்குப் பயந்து, குழந்தைங்களோட பாதுகாப்புக்காக அவரை விட்டுப் பிரிஞ்சாங்க. விவாகரத்தே ஆச்சு. ஆனா, கடைசி வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துக்கிட்டதும் அதே மார்ஜரிதான். அவர் இறந்த அதே வருஷம், இந்த நோய் வந்த குடும்பங்களுக்காக ஓர் அமைப்பையும் ஆரம்பிச்சாங்க.

விலகி நின்னதும் அவங்கதான். விட்டுடாம இருந்ததும் அவங்கதான். ரெண்டும் ஒரே மனசுல இருக்க முடியும், தோழி. இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டு மேல படிங்க.

சனிக்கிழமை சாயங்காலத்தை மறுபடி பார்ப்போமா?

'ஒரு டீக்காக'ன்னு எழுதியிருக்கீங்க. உங்க லெட்டரை நான் துப்பறியும் சாம்பு மாதிரி மறுபடி படிச்சேன். காரணம் டீ இல்லை. நீங்களே அஞ்சு துப்பு கொடுத்திருக்கீங்க.

ஒண்ணு, பசி. மதியம் சரியா சாப்பிடலை. உடம்பு ஓயாம ஆடறதால ஹன்டிங்டன் நோயாளிகளுக்கு மத்தவங்களைவிட அதிகக் கலோரி தேவை. எடை குறைஞ்சுக்கிட்டே வரும். பசி வந்தா பத்தும் பறக்கும்னு சொல்றது நமக்கே பொருந்தும்போது, அவருக்கு?

ரெண்டு, சத்தம். டி.வி., போன், குக்கர் மூணும் ஒரே நேரத்துல. வேண்டாத சத்தத்தை ஒதுக்கித் தள்ளிட்டு வேண்டியதை மட்டும் கேட்கிறது அவர் மூளைக்குப் பெரிய வேலை.

மூணு, பேச்சு. சொல்ல வர்றது வாயில வரலை. 'தெளிவாச் சொல்லுங்க'ங்கிற வார்த்தை அவரோட இயலாமையிலயே குத்துது.

நாலு, 'இருங்க'. காத்திருக்கிறது இந்த நோய்ல ரொம்பக் கஷ்டமான விஷயம். எவ்வளவு நேரம் இருக்கணும்? தெரியாது. ஒரு விஷயம் மனசுல ஏறிட்டா ஊசி மாட்டின ரெக்கார்டு மாதிரி அங்கேயே சுத்தும். அதான் மூணு தடவை கேட்டார்.

அஞ்சு, தம்பி பிடிச்சு அழுத்தினது. பயந்துபோன எந்த மனுஷனும் அப்போ திமிறத்தான் செய்வான்.

அம்மா மேலயோ தம்பி மேலயோ நான் பழி போடலை. அவங்களுக்கு யாருமே இதைச் சொல்லித் தரலையே! ஆனா, அஞ்சுல மூணை மாத்தியிருந்தாகூட அந்தத் தம்ளர் பறக்காம இருந்திருக்க வாய்ப்பு உண்டு. உங்கப்பாவை மாத்த முடியாது. அவரைச் சுத்தி இருக்கிறதை மாத்தலாம். அதுதான் இதுல நம்ம கையில இருக்கிற விஷயம்.

வர்றதுக்கு முன்னாடி...

ஒரு 40 பக்க நோட்டு வாங்கித் தம்பிகிட்ட கொடுங்க. கோபம் வர்ற ஒவ்வொரு தடவையும் மூணு விஷயம் எழுதணும். முன்னாடி என்ன நடந்தது, அப்பா என்ன செஞ்சார், அதுக்கப்புறம் நாம என்ன செஞ்சோம். தேதி, நேரம் முக்கியம். ரெண்டு வாரத்துல ஒரு ஒழுங்கு தெரியலாம். குளிக்கிற நேரமா, சாயங்காலமா, விருந்தாளி வந்தாலா... எதுன்னு பிடிபட்டா அங்கே ஒரு மாத்தம் செய்யலாம்.

தினமும் ஒரே நேரத்துல எழுந்திருக்க, குளிக்க, சாப்பிட டைம்டேபிள் போட்டுச் சுவத்துல ஒட்டுங்க. டீ அஞ்சரைக்குன்னா அஞ்சரைக்கு. அவர் கேட்கிறதுக்கு முன்னாடியே கையில இருக்கணும். மூணு வேளைச் சாப்பாட்டை அஞ்சாறு வேளையா பிரிச்சுக் கொடுங்க. தொண்டையில அடைக்குதுன்னா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. எந்தப் பதத்துல சாப்பாடு கொடுக்கணும், எப்படி உட்கார வெச்சுக் கொடுக்கணும்னு சொல்லித் தருவாங்க.

பேசும்போது டி.வி.யை நிறுத்திடுங்க. ஒரு நேரத்துல ஒருத்தர், ஒரு வாக்கியம். 'என்ன சாப்பிடறீங்க?' கஷ்டமான கேள்வி. 'இட்லியா, தோசையா?' சுலபம். கேட்டுட்டு உடனே அடுத்த கேள்விக்குப் போகாம மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அவருக்குப் பதில் தெரியும். வெளிய வரத்தான் நேரமாகும். 'முடியாது', 'இருங்க' ரெண்டையும் குறைச்சுக்கிட்டு, 'குளிச்சதும் கடைக்குப் போலாம்ப்பா'ன்னு அடுத்து என்னன்னு சொல்லுங்க. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டா, அதே சின்னப் பதிலை அதே குரல்ல சொல்லிட்டு, மெதுவா வேற பேச்சுக்குக் கொண்டு போங்க.

வந்துட்டா...

வாதம் வேண்டாம். 'நான் என்ன தப்பு பண்ணேன்?' வேண்டவே வேண்டாம். அந்த நேரத்துல நியாயம் பேசறது, எரியற அடுப்புல எண்ணெய் ஊத்தற மாதிரி. குரலை இறக்குங்க. 'கோபமா இருக்கீங்கன்னு தெரியுதுப்பா.' இந்த ஒரு வரி போதும். கைக்கெட்டாத தூரத்துல நில்லுங்க. தொடாதீங்க. நாலு பேர் சுத்தி நிக்காதீங்க. அவர் வெளிய போற வழியை மறிக்காதீங்க. உங்களுக்கும் கதவு பக்கத்துல இருக்கணும். அப்புறம் அந்த ரூமை விட்டு நகர்ந்துடுங்க. தம்பிகிட்ட கண்டிப்பா சொல்லுங்க, மல்லுக்கட்டறது வீரம் இல்லை. அன்னிக்கு நகர்ந்து போறவன்தான் ஹீரோ.

அரிவாள்மனை, கத்தி, கொதிக்கிற பாத்திரம், பட்டறைச் சாமான் எதுவும் அவர் கைக்கெட்டற இடத்துல இருக்க வேண்டாம். உள்பக்கம் தாழ்ப்பாள் போடற மாதிரி ஒரு ரூம் இருக்கட்டும். நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர்கிட்ட விஷயத்தைச் சொல்லி வைங்க. உயிருக்கு ஆபத்துன்னு தோணினா 112-க்கு போன் பண்ணலாம். 'இவருக்கு மூளை நோய், ரௌடி இல்லை'ன்னு முதல் வரியிலேயே சொல்லிடுங்க. அப்பாவைக் காட்டிக் கொடுக்கிறோமேன்னு குற்ற உணர்ச்சி வேண்டாம். மார்ஜரியை நினைச்சுக்குங்க.

போனதுக்கு அப்புறம்...

பஞ்சாயத்து வைக்காதீங்க. 'மன்னிப்புக் கேளுங்க'ன்னு நிக்காதீங்க. அவருக்கு அது புரியாமலும் போகலாம், புரிஞ்சு உள்ளுக்குள்ள உடைஞ்சும் போகலாம். வழக்கமான வேலைக்குத் திரும்புங்க. நோட்டுல எழுதுங்க.

அந்த நோட்டோட டாக்டரைப் பாருங்க. நரம்பியல் டாக்டரோட, மனநல டாக்டரும் வேணும். ஹன்டிங்டன் நோயை முழுசா குணப்படுத்த மருந்து இன்னும் கையில இல்லை. ஆனா எரிச்சல், மனச்சோர்வு, தூக்கமின்மை இதுக்கெல்லாம் மருந்து இருக்கு. இதுவரைக்கும் இல்லாம திடீர்னு கோபம் கூடினா, பல்வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்றுன்னு அவரால சொல்ல முடியாத ஏதாவது வலி இருக்கலாம். கை, கால் ஆட்டத்துக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளே சிலருக்கு மனச்சோர்வையும் நிலைகொள்ளாத தவிப்பையும் உண்டாக்கும். அதுக்காக நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க. டாக்டர்கிட்ட சொல்லுங்க.

ஒரு முக்கியமான விஷயம். 'நான் செத்துப் போறேன்'னு அப்பா சொன்னா, அதை வெறும் கோபப் பேச்சுன்னு தள்ளிடாதீங்க. இந்த நோய்ல தற்கொலை எண்ணம் மத்தவங்களைவிட அதிகம். அன்னிக்கே டாக்டரைப் பார்க்கணும். 'டெலி மானஸ்' 14416-க்கு ராத்திரி பகல் எந்நேரமும் போன் பண்ணலாம், தமிழ்லயே பேசலாம். இது அப்பாவுக்கு மட்டும் இல்லை, அம்மாவுக்கும் தம்பிக்கும் உங்களுக்கும்தான்.

நீங்க கேட்காத கேள்வி

ஆறு பக்கத்துல ஒரே ஒரு கேள்வியை மட்டும் நீங்க கேட்கலை. 'எனக்கும் வருமா?'

நாலாவது குரோமோசோம்ல இருக்கிற ஒரே ஒரு மரபணுவுல வர்ற மாத்தம்தான் இந்த நோய். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தா, ஒவ்வொரு குழந்தைக்கும் 50 சதவிகிதம் வாய்ப்பு. ஆணா இருந்தாலும் பெண்ணா இருந்தாலும் அதேதான். உங்களுக்கு ஒரு தடவை நாணயம் சுண்டறாங்க, தம்பிக்குத் தனியா ஒரு தடவை. ஒருத்தருக்கு விழுந்ததுக்கும் இன்னொருத்தருக்கு விழறதுக்கும் சம்பந்தம் இல்லை.

இதே கேள்வியோட இருபதுகள்ல நின்ன ஒரு பொண்ணு நான்சி வெக்ஸ்லர். 1968-ல அவங்க அம்மாவுக்கு இந்த நோய்னு தெரிஞ்சுது. நான்சி உட்கார்ந்து அழுதுட்டு விடலை. வெனிசுலாவுல மரகைபோ ஏரிக்கரையில இந்த நோய் அதிகமா இருக்கிற குடும்பங்களைத் தேடிப் போனாங்க. வருஷா வருஷம் போனாங்க. அந்தக் குடும்பங்கள் கொடுத்த ரத்தம்தான், 1983-ல எந்தக் குரோமோசோம்னு கண்டுபிடிக்கவும் 1993-ல அந்த மரபணுவையே பிடிக்கவும் உதவிச்சு. 2020-ல, தனக்கும் அந்த நோய் வந்திருக்குன்னு அவங்களே வெளிப்படையாச் சொன்னாங்க. அப்போ அவங்க வயசு 74. ஆயுசுல பெரும்பகுதியை அந்தக் கேள்வியோடயே வாழ்ந்து, வேலை செஞ்சு காட்டினவங்க.

டெஸ்ட் இருக்கு. எடுத்தே ஆகணும்னு இல்லை. எடுக்கலாமா வேண்டாமாங்கிறது 18 வயசு தாண்டின உங்களோட முடிவு மட்டும்தான். சொந்தக்காரங்களோ, பின்னாடி வரப்போற மாப்பிள்ளை வீடோ முடிவு பண்ற விஷயம் இல்லை. தம்பிக்கு 18 ஆகலை, அவனுக்கு இப்போ வேண்டவே வேண்டாம். எடுக்கணும்னு தோணினா, முதல்ல மரபணு ஆலோசகர்கிட்ட உட்கார்ந்து பேசணும். பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி. மாதிரி இடங்கள்ல அந்த வசதி இருக்கு. அவசரமே இல்லை. செமஸ்டர் ரிசல்ட் மாதிரி இதை உடனே பார்த்தாகணும்னு யாரும் சொல்லலை.

கடைசியா, படிப்பு. நிறுத்தாதீங்க. அம்மாவுக்கு வேண்டியது கூட இருந்து களைச்சுப்போற இன்னொரு ஆள் இல்லை. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை நீங்க வீட்டைப் பார்த்துக்குங்க. அம்மா கோயிலுக்கோ, அக்கா தங்கச்சி வீட்டுக்கோ போயிட்டு வரட்டும். சித்தப்பா, மாமா யாராவது இருந்தா, 'வந்து பார்க்கணும்'னு சொல்லாதீங்க. 'செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம் அப்பாகூட இருங்க'ன்னு குறிப்பாக் கேளுங்க.

மத்த ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரு வார்த்தை. உங்க க்ளாஸ்ல யாராவது வீட்டுக்கு யாரையும் கூப்பிடாம இருக்கலாம். அவங்கப்பா ரோட்டுல தள்ளாடி நடக்கிறதை நீங்க பார்த்திருக்கலாம். 'பார்ட்டி ஃபுல்லுடா'ன்னு கேன்டீன்ல சிரிக்கிறதுக்கு முன்னாடி, பஸ்ல இருந்து இறக்கி விடப்பட்ட அந்த லேத் பட்டறைக்காரரை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.

தோழி, வர்ற சனிக்கிழமை அஞ்சேகாலுக்கு வீட்டுக்கு ஒரு போன் போடுங்க. 'அம்மா, டீ போட்டாச்சா?'ன்னு மட்டும் கேளுங்க. தம்பிகிட்ட, 'டி.வி.யை நிறுத்துடா'ன்னு சொல்லுங்க. நோட்டு நிறைஞ்சதும் எனக்கு மறுபடி எழுதுங்க. ஆறு பக்கம் என்ன, அறுபது பக்கம் எழுதினாலும் படிக்க நான் ரெடி!

(அடுத்த வாரம் பேசுவோம்...)